உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?

“…இது இல்ல, இது இல்லன்னே சொல்லுதீங்க அண்ணாச்சி. அப்ப எதுன்னு கேட்டா, அதையும் சொல்ல மாட்டேங்கீங்க” என்று அக்கா கரண்டியைப் பிடித்தபடி சொன்னாள். மேலகரத்தில், மரக்கடை அண்ணாச்சி வீட்டு அடுப்படி அது. அக்கா குரலில் கோபம் கிடையாது. செங்கோட்டை பஸ் போயிருச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அடுப்பில் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த சொதி இருந்தது. அண்ணாச்சி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பரீட்சையில் தவறிய பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அதற்கு அண்ணாச்சி என்ன பதில் சொன்னார், அக்கா என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். இப்போதே சொன்னால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று போய்விடுவீர்கள். அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் அவள் அன்றைக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். தென்காசியில் இன்றைக்கும் நாலு பேர் கூடிக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால், ஒருவராவது “அந்தம்மா நல்லாத்தான் சமைச்சுது, கடைசியில மரக்கடைக்காரர் வீட்டு மறுவீட்டுல சொதியத் திரிய விட்டுட்டுல்லா” என்று சொல்லாமல் இருப்பதில்லை. திரிந்தது உண்மைதான். நானும் அந்தப் பந்தியில் சாப்பிட்டேன். ஆனால் கைதவறித் திரிந்துபோயிற்று என்று பேசுகிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எனக்குத் தொழில் பந்தல் போடுவது, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற அவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா முதல் தடவை என் கடைக்கு வந்தது அண்டா கேட்டு. அதற்கு முன்னால் அவள் பேங்கில் வேலை பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு எடுப்புச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ வைத்திருந்தார். சாப்பாட்டை இறக்கிவைத்துவிட்டு ஆட்டோவிலேயே படுத்துத் தூங்கிவிடுவார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்காவிடம் கேட்டதற்கு, “பேசுவாக, பேசுவாக. விசேசத்துக்குப் பேசுவாக” என்றாள்.

அந்தப் பேங்க்காரர்களிடமிருந்துதான் தொழிலைக் கற்றுக்கொண்டதாக அவள் சொல்வாள். ஒருவர் நாகர்கோவில், ஒருவர் மதுரை, ஒருவர் சேலத்துப் பக்கம். ஒருவர் ‘இன்னைக்கு சாம்பார் பிரமாதம்’ என்று சொல்கிற அன்றைக்கு மற்ற இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்கள். மறுநாள் வேறு ஒருவர் பிரமாதம் என்பார், முதல் நாள் சொன்னவர் மோரை ஊற்றிக்கொள்வார். கொஞ்ச நாள் இதைப் பார்த்த பிறகு அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

“நல்லாருக்குன்னு யாரும் சொல்லுததில்ல தம்பி. எங்க வீடு மாதிரி இருக்குன்னுதான் சொல்லுதான். வாய்ல வேற வார்த்தையா வருது, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்துக் கொண்டுவருவார்கள். பல பேர் கையில் ஐட்டங்களை எழுதிய தாளும் இருக்கும். பேபிகார்ன் மஞ்சூரியன், பன்னீர் அது இது என்று நீளமாகப் போகும். அக்கா தாளையும் வாங்கமாட்டாள், வெற்றிலையையும் தொடமாட்டாள். “அது கெடக்கட்டும். உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?” என்பாள்.

வந்தவர்கள் விழிப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்ட பிறகுதான் அக்கா வெற்றிலையை எடுப்பாள். இன்ன தேதிக்கு வருகிறேன் என்றும் சொல்லமாட்டாள். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நிற்பாள். வீட்டுக்காரி அலறியடித்து அப்பளம் பொரிக்கப் போனால், “எனக்குன்னு ஒண்ணும் வைக்காதீங்க, இருக்கதப் போடுங்க” என்பாள். சோற்றைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, “ம், புரிஞ்சுது” என்பாள். நன்றாக இருந்தது, இல்லை என்று ஒரு வார்த்தை வராது. அந்த ‘புரிஞ்சுது’வைக் கேட்டுத் தென்காசியில் பல பொம்பிளைகள் ராத்தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மதினி, “எக்ஸ்ரே எடுக்க டாக்டராவது ஒண்ணுமில்லம்மான்னு சொல்லுவாரு” என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

குற்றாலம் ரோட்டில் ஒரு வீட்டில், அக்கா எப்படியும் அந்த வாரம் வருவாள் என்று கணக்குப் போட்டு, தினமும் ஓட்டலில் வாங்கி வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றிவைத்துக் காத்திருந்தார்கள். அக்கா வந்தாள், சாப்பிட்டாள். “ம்” என்றாள். ‘புரிஞ்சுது’ வரவில்லை. செருப்பை மாட்டும்போது, “அந்த ஓட்டல்காரருக்கு ஏற்கெனவே மாஸ்டர் இருக்காரு. நான் நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அங்கே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, புரிந்தது என்றாள். அந்த வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவில் மஞ்சூரியனுக்குப் பக்கத்தில் எள்ளுத் துவையல் இருந்தது. மஞ்சூரியன்தான் மிஞ்சியது.

கடையநல்லூரில் ஒரு பாய், துபாயில் இருந்து வந்து மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். பிரியாணிக்கு அவர்களுக்கு வழக்கமான ஆள் உண்டு. சைவம் சாப்பிடுகிற சிநேகிதர்களுக்காகத் தனிப்பந்தி போடத்தான் அக்காவைக் கூப்பிட்டார். அவர்களுக்குப் போடுகிற சாம்பாருக்கு என் வீட்டில் எதற்குச் சாப்பிட வேண்டும் என்று பாய் கேட்டார். “விருந்து உங்க வீட்டு விருந்துல்லா” என்றாள் அக்கா. போய்ச் சாப்பிட்டாள். பாயின் உம்மா கையால் நெய்ச்சோறும், கறி போட்ட பருப்புக் குழம்பான தால்ச்சாவும். அக்கா கறியை ஒதுக்கிவிட்டு தால்ச்சாவை மட்டும் சாப்பிட்டாள். நிக்காஹ் அன்றைக்கு சைவப் பந்தியில் கறியில்லாத தால்ச்சா, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு. உம்மா கொஞ்சம் வாங்கி ருசி பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். “ஏட்டி, என் கைய எங்கன வச்சிப் பாத்த நீ?” என்று கேட்டார்களாம். அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பாள். கொஞ்சம்தான்.

இந்த வழக்கத்தால் அக்கா அடிபட்டதும் உண்டு. செங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அக்கா போய்ச் சாப்பிட்டு, புரிந்தது என்று வந்துவிட்டாள். விசேஷத்தன்று இலையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிலும் உப்பு இல்லை. இருந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்புதான். வாத்தியார் ஓடிவந்தார். அக்கா அசையாமல், “உங்க வீட்ல அப்படித்தான இருந்துச்சு” என்றாள். வீட்டில் பெரியவருக்கு இரத்த அழுத்தம், அதனால் எல்லோரும் சேர்ந்து உப்பைக் குறைத்திருக்கிறார்கள். “அது மருந்தும்மா, இது விருந்து” என்று வாத்தியார் கிட்டத்தட்ட அழுதார். அக்கா உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பந்தியில் இறங்கி இலை இலையாக வைத்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே, “வீட்ல யாருக்கும் பிரஷர் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் சுகாதாரத் துறையில் இருந்து வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அக்கா சொன்ன வார்த்தைகளை நான் மறந்ததில்லை. “பசிச்சவனுக்குச் சமைக்கது லேசு தம்பி, பசிக்காதவனுக்குச் சமைக்கதுதான் தொழில்” என்பாள். “வாழ்த்துதவன் மொதப் பந்தி, வையுதவன் கடைசிப் பந்தி” என்பாள். தொழிலைப் பெரிதாக்க லோன் கேட்டுப் போனபோது, பேங்க் மேனேஜர் விளம்பரத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு என்று அவரிடமும் கேட்டிருக்கிறாள். லோன் கிடைத்தது. அந்த மேனேஜரின் பேரன் காதுகுத்துக்கும் இவள் சமையல்தான்.

இவ்வளவு விட்டுக்கொடுக்கிற அக்கா விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. அது சொதி.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது மறுவீடு. அதற்குச் சொதிதான் வைக்க வேண்டும். தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து, பின்பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவிட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி இறக்குவார்கள். கூட இஞ்சிப் பச்சடி. முதல் பால் ஊற்றின பிறகு கொதிக்கக் கூடாது. கொதித்தால் பால் திரிந்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஆறினதை மறுபடி சூடுபண்ணினாலும் அதே கதிதான். “சொதிய ரெண்டாந்தரம் அடுப்புல ஏத்துதவன் கூடப்பொறந்தவனா இருந்தாலும் கரண்டியப் பிடுங்கிருவேன்” என்பது அக்காவின் சட்டம்.

சும்மா சொன்னதில்லை. இலஞ்சியில் ஒரு மறுவீடு. சாரல் நேரம். மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்காரர்கள். வந்ததற்கு ஒரு குளியல் போட்டுவிட்டு வருகிறோம் என்று வேன் பிடித்து மொத்தப் பேரும் ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். அருவியில் தலையைக் கொடுத்தவன் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சொதி ஆறிப்போயிற்று. அக்காவிடம் ஒரு மாஸ்டர் இருந்தார். நாற்பது வருஷமாகக் கரண்டி பிடித்த மனுஷர். அவர் மெதுவாக அடுப்பைப் பற்றவைத்தார். அக்கா போய் அடுப்பை அணைத்தாள். தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவரும் ஆட்டோவில் இருந்து எழுந்துவந்தார். இரண்டு பேருமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டார்கள். அண்டா என்னுடையது. அது வெள்ளையாக வாய்க்காலில் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு முதலில் இருந்து தேங்காய் உடைத்தாள். ஈரத் தலையோடு வந்தவர்கள் இலை போட்டாச்சா என்று சத்தம் போட்டார்கள். அக்கா வெளியே வந்து, “குளிக்க நேரம் இருந்துச்சுல்லா, இருக்கவும் நேரம் இருக்கும். இருங்க” என்றாள். இருந்தார்கள். அந்தச் சொதியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மூலமாகவே அவளுக்கு மதுரையில் இருந்து ஆர்டர் வந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் நான் மரக்கடை அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சிக்கு செங்கோட்டை ரோட்டில் பெரிய மரக்கடை. ஒரே மகள், பெங்களூரில் வேலை. மாப்பிள்ளை பாளையங்கோட்டை. அண்ணாச்சியின் சம்சாரம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் போனில் சொல்லிவிட்டாளாம்: மண்டபம் உங்கள் இஷ்டம், சேலை அத்தை இஷ்டம், மறுவீட்டுச் சொதி மட்டும் அம்மா வைக்கிற சொதியாக இருக்க வேண்டும். அது முடியாதென்றால் சொதியே வேண்டாம், சாம்பார் வைத்துவிடுங்கள். மறுவீட்டில் சொதி இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அண்ணாச்சிக்கு ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, மகள் அதற்கு முன்னால் அவரிடம் எதுவும் கேட்டதே இல்லை. அம்மாவிடம்தான் கேட்பாளாம். வேறு சமையல்காரர்களிடமும் போய்ப் பார்த்திருக்கிறார். எல்லோரும் ‘அசத்திருவோம் அண்ணாச்சி’ என்றார்களாம். அசத்த வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அக்கா வழக்கம்போல வெற்றிலையைத் தொடாமல், உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு என்று கேட்டாள்.

“கொழம்பு ஒண்ணும் இல்லம்மா” என்றார் அண்ணாச்சி. “அவ போனதுல இருந்து அடுப்பே பத்த வைக்கல. மெஸ்ல இருந்து எடுப்பு வருது.”

அக்கா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். பிறகு, தட்டை உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள், நாளைக்கு அங்கே வருகிறேன் என்றாள்.

போனாள். இறந்துபோன அந்தம்மா புழங்கின பாத்திரம், அந்தம்மாவின் மிக்ஸி, அந்தம்மா தேங்காய் வாங்கின கடை. அதே மாதிரி சொதி வைத்து அண்ணாச்சிக்குப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டார். “நல்லாருக்கும்மா. ஆனா இது இல்ல” என்றார். அச்சன்புதூரில் அந்தம்மாவின் தங்கச்சி இருந்தாள். அக்கா அங்கே போய்ச் சாப்பிட்டு, ‘எங்க அம்மா சொதிதான் எங்க அக்கா சொதியும்’ என்று அந்தத் தங்கச்சி சத்தியம் பண்ணினதைக் கேட்டு, அதே பக்குவத்தில் வந்து வைத்தாள். இது இல்லை. இஞ்சியைக் கூட்டினாள், எலுமிச்சையைக் குறைத்தாள். முருங்கைக்காய் மட்டும் போட்டாள், முருங்கைக்காய் இல்லாமல் வைத்தாள். எல்லாவற்றையும் அண்ணாச்சி மரியாதையாகச் சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் இது இல்லை. ஒருநாள் அவர் மனது கேட்காமல், “அவ வைக்கதவிட இது நல்லாருக்கும்மா, சத்தியமா. ஆனா இது இல்ல” என்றார். முப்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், என்ன மாதிரி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லையே என்று என்னிடம் தனியாகச் சொன்னார். வேங்கையா தேக்கா என்று அறுத்த தூளை மோந்தே சொல்லுகிற மனுஷர்.

தட்டில் இருந்த வெற்றிலை வாடிக்கொண்டே வந்தது. அண்ணாச்சி பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார், அதுவும் வாடும். மாஸ்டர் என்னிடம், “பேசாம சாம்பார வச்சிட்டுப் போயிருவோம்னு அவ கிட்ட சொல்லுங்க” என்றார். நான் சொல்லவில்லை. எனக்கு என் அண்டாக்கள் முக்கியம்.

மறுவீட்டில் என்ன நடந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பெரிய கூட்டம். வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற பெரிய ஆட்கள் நிறையப் பேர் முதல் பந்தியில் இருந்தார்கள். நல்லபடியாகச் சாப்பிட்டுப் போனால் அக்காவுக்கு அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கும். சொதி வந்தது. எல்லா இலையிலும் எண்ணெய் மிதந்தது. பால் துகள் துகளாக நின்றது. பாளையங்கோட்டைச் சம்பந்தி வீட்டுப் பெரியப்பா ஒருவர், “திரிஞ்சிருக்கே” என்று பக்கத்து இலைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அங்கிருந்து பந்தி முழுக்க அது போயிற்று. அக்காவிடம் ஆர்டர் பேச வந்திருந்த அரிசி ஆலைக்காரர் கையைக் கழுவிவிட்டு நேரே காருக்குப் போனார். மாஸ்டர் மண்டபத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மணப்பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கை அப்படியே நின்றது. தண்ணீர் ஜக்கோடு நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். மறுபடி வாங்கினாள். அப்புறம் மறுபடி. பிள்ளைக்கு நல்ல பசி போல என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள். அண்ணாச்சி பக்கத்து இலையில் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

அந்தப் பக்கத்து இலை என்னுடையது. அதனால் நான் அந்தச் சொதியைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியும். சுமார்தான். அக்கா சமைத்ததில் நான் சாப்பிட்ட சுமாரான சாப்பாடு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆர்டர் குறைந்தது உண்மை. ஏன் யாரிடமும் விவரத்தைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “அது அவுக வீட்டு விசயம்லா. நான் அங்கன சாப்பிடப் போனவ. சாப்பிடப் போன எடத்துல பாத்தத வெளிய சொல்லலாமா?” என்றாள். சின்ன விசேஷங்களாகச் செய்துகொண்டிருந்துவிட்டு, பிறகு தன் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். இதை எழுதலாமா என்று மரக்கடை அண்ணாச்சியிடம்தான் கேட்டேன். எழுதிக்கோ, என் பெயரைப் போடாதே என்றார்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். எதுன்னு சொல்ல மாட்டேங்கீங்க என்று அக்கா கேட்டாள் இல்லையா. “சொல்லத் தெரியலம்மா” என்றார் அண்ணாச்சி. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஒரு கேள்வி கேட்டாள். அந்தம்மா சொதி என்றைக்கு வைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, என்றார்.

“ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?”

“ஒரு மணிக்கு வந்திருதேன்னு சொல்லிட்டுப் போவேன்.”

“வந்திருவீங்களா?”

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். “லோடு எறக்க ஆள் வரணும், கணக்கு முடிக்கணும். பைக்க எடுத்துட்டு வீடு வந்து சேர மூணு, மூணரை ஆயிரும்மா. நான் வாரவரைக்கும் தாயும் மகளும் சாப்பிட மாட்டாவ.”

“எல்லா ஞாயித்துக்கெழமையுமா?”

“அநேகமா.”

அக்கா அண்ணாச்சியின் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள். சொதிப் பாத்திரத்தை ஒரு தட்டால் மூடினாள். கூடத்துக்கு வந்து, வாசல் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் எதிரே உட்கார்ந்தோம். மணி ஒன்று தாண்டியிருந்தது. எனக்கு நல்ல பசி. வெளியே சாரல் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்துபோய்க் கொக்கி போடவில்லை.

தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துச் சொதியைச் சூடுபண்ணினாள். பைக் அண்ணாச்சி வீட்டைத் தாண்டிப் போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வண்டி. எழுந்துபோய்ப் பற்றவைத்தாள். அதுவும் போய்விட்டது, அணைத்துவிட்டு வந்தாள். இப்படியே வண்டி வர வர எழுந்துபோனாள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. அண்ணாச்சிக்கு எப்போது விளங்கியது என்று தெரியாது. அவர் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணி வாக்கில் ஒரு பைக் வந்து தெருமுனையில் நின்றது. அக்கா போனாள். இந்தத் தடவை சொதி கொதிக்க ஆரம்பித்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. தேங்காய்ப்பால் திரிகிற வாசனை வந்தது. அண்ணாச்சி தலையை நிமிர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தார். இலஞ்சியில் அண்டாவைக் கவிழ்த்தவள் கரண்டியோடு பாத்திரத்துக்கு முன்னால் நின்றாள். எண்ணெய் பிரிந்து மேலே வந்தது.

அக்கா அடுப்பை அணைக்கவில்லை.